விட்ட இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு ________ நானும் உன் அண்ணியும் நலம். உன் நலமறிய ஆவல்.

மேலே ஒரு இடம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். பேனாவில் மை தீர்ந்துவிடவில்லை. அங்கே வழக்கமாகக் 'கடவுள் அருளால்' என்று எழுதுவேன். எழுதினால் உனக்குப் பிடிக்காது, எழுதாவிட்டால் எனக்குப் பிடிக்காது. ஆகவே இடம் மட்டும் விட்டிருக்கிறேன். பஞ்சாயத்து முடிந்தது.

நாம் நல்லபடியாகப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா போன அன்று நான் என்ன சொல்லிவிட்டேன்? "அவர் அழைச்சுக்கிட்டார்" என்றேன். பிரார்த்தனைக் கூடத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ, "அழைச்சுக்கிட்டுப் போனவர் அட்ரஸைக் குடுங்க, போலீஸ்ல சொல்றேன்" என்றாய். பிறகு இரண்டு தடவை போனில் பேசினோம். இரண்டும் சண்டையில் முடிந்தன. உன் குரலைக் கேட்டால் எனக்கு ஏறுகிறது, என் குரலைக் கேட்டால் உனக்கு.

போன வாரம் கூடத்துப் பெரியவர்தான் சொன்னார். "வாதம் பண்ணணும்னா எழுத்துல பண்ணுங்க. பேனா பிடிச்ச கையால கல்லை எடுக்க முடியாது." சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் முப்பத்திரண்டு லிஃப்ட்டுகள் என் பொறுப்பில்தான். முன்பெல்லாம் மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் படியேறிப் போவேன். இப்போது நான் பழுது பார்க்கும் லிஃப்ட்டிலேயே ஏறிப் போகிறேன். சோம்பேறி ஆகிவிட்டேன் என்று அண்ணி கேலி செய்கிறாள்.

பதில் போடு, படிக்காத வக்கீலம்மா. திட்டியாவது போடு.

இப்படிக்கு,
அண்ணன்

பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமா? எனக்கு இடம் விடத் தேவையில்லை, 'நலம்' ஒன்றே போதும்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் மேஜையில் வைத்துவிட்டு இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு. நினைத்தது தப்பு என்று எழுதிக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு உங்கள் கூடத்தின் மேல் கோபமில்லை. அம்மாவைத் தூக்கிக் கிடத்தியதும் அவர்கள்தான், நான்கு நாள் வீட்டைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். எனக்குக் கோபம் அந்தச் சொல்லின் மேல். அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி நின்றுபோனது. அதை யாரோ வந்து கூப்பிட்டதாகச் சொன்னால், நின்றுபோனதை யாரும் பார்க்கவே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. நான் பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவள். இன்று மட்டும் பதினெட்டு நெஞ்சு ஸ்கேன் செய்தேன். பதினெட்டிலும் இதயம் இருந்தது. வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். படியேறுங்கள், உடம்புக்கு நல்லது.

தங்கை

மார்ச் 8

அன்புள்ள வக்கீலுக்கு,

இங்கு ________ நலம். அங்கும் நலம்தானே?

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "அவ சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு வீட்டிலும் ஆள் பலம் இல்லை.

நான் படிக்காதவன். எனக்குத் தெரிந்தது லிஃப்ட். அதை வைத்தே கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் என் லிஃப்ட்டில் ஏறுகிறார்கள். ஒருத்தனாவது மேலே எட்டிக் கயிற்றைப் பார்த்துவிட்டு ஏறுகிறானா? பொத்தானை அமுக்கிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பதினான்கு மாடி உயரத்தில், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நிற்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. கண்ணால் பார்க்காத கயிற்றை நம்பித்தானே நிற்கிறான்? நானும் அப்படித்தான். இதற்குப் பதில் சொல்.

வேறு விசேஷமில்லை. நாள் முழுக்க நிற்பதாலோ என்னவோ, சாயங்காலம் ஷூ இறுக்கமாகிவிடுகிறது. படுத்தால் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு தலையணை வைத்துக்கொள்கிறேன். ராஜா மாதிரித் தூக்கம். வயசானால் சொகுசு கேட்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

மார்ச் 12

அண்ணா,

நலம். நீங்கள் நலம் என்று எழுதியதை நான் நம்பவில்லை.

முதலில் லிஃப்ட். அவன் கயிற்றைப் பார்க்காமல் ஏறுவது உண்மை. ஏன் தெரியுமா? போன மாதம் ஒரு ஆள் கையில் டார்ச்சோடு வந்து, ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள் நீங்கள். அவன் நம்புவது உங்கள் கையெழுத்தை. கயிற்றைப் பார்த்துவிட்டுப் போன ஆள் ஒருவர் இருந்தால் நானும் ஏறுவேன். வாதம் முடிந்தது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். தலையணை எத்தனை நாளாக இரண்டு? ஒன்றை எடுத்துவிட்டுப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? ஷூவைக் கழற்றினால் காலில் சாக்ஸ் தடம் பள்ளமாகத் தெரிகிறதா? லிஃப்ட்டில் ஏறிப் போவது சோம்பலா, படியேற முடியாததாலா?

இதயம் பலவீனமா என்று அறிய, எங்கள் வேலையில் நோயாளியிடம் முதலில் தலையணையைத்தான் எண்ணச் சொல்வோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீங்கள் உங்கள் கடிதத்தால் மாட்டிக்கொண்டீர்கள்.

உடனே பதில் போடுங்கள்.

தங்கை

ஏப்ரல் 10

அண்ணாவுக்கு,

நலம். ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் வெளியே போயிருக்கிறார் என்று அண்ணி சொல்கிறாள். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது, குரல் நடுங்குகிறது.

என் வாதத்தையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்களே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தங்கை

ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு கடவுள் அருளால் நானும் அண்ணியும் மிகவும் நலம்.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தினமும் நோயாளிகளையே பார்க்கிறவளுக்கு எல்லோரும் நோயாளியாகத் தெரிவது இயல்புதான். என்னைப் படைத்தவருக்கு என்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டார், இனியும் பார்த்துக்கொள்வார். உனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்பதற்காக நானும் அதை விட்டுவிட முடியாது. இந்த விஷயத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(ஓரத்தில், பென்சிலில், வேறு கையெழுத்தில்)
தலையணை இப்போ மூணு. உட்கார்ந்துக்கிட்டேதான் கண் அசர்றார். நான் எழுதினது அவருக்குத் தெரியாது. – அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

இந்தத் தடவை நீங்கள் இடம் விடவில்லை. அந்த இடத்தில் கடவுளை நிறுத்தி அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வருகிறது.

இரண்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவின் இதயத்தை ஸ்கேன் செய்தது நான்தான். அவள் போவதற்கு ஆறு மாதம் முன்னால் என்னைப் பார்க்க வந்தாளே, அப்போது. திரையில் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரும் அதையே சொன்னார், செய்ய ஒன்றுமில்லை என்று. "உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே, அவன் தாங்கமாட்டான்" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. ஆறு மாதம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்திருந்தால் அந்த ஆறு மாதமும் நீங்கள் அவள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள்.

அதனால்தான், 'அவர் அழைச்சுக்கிட்டார்' என்று நீங்கள் சொன்னதும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. யாரும் திடீரென்று வந்து அழைக்கவில்லை. வருவது எனக்குத் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் எறிந்தது என் மேல் எறிய வேண்டிய கல்.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் நம்புவதை விட வேண்டாம். அதையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து என் மெஷின் முன்னால் படுங்கள். இது தங்கையாகக் கேட்பது.

உங்கள் தங்கை

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு ________ . 'நலம்' என்ற அடுத்த சொல்லையும் எழுதவில்லை, கவனித்தாயா?

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய் மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. நீ தனியாக அந்த ஆறு மாதம் எப்படி இருந்தாய் என்று நினைத்தால் எனக்கு உன் மேல் கோபமே வரவில்லை. அம்மா சொன்னது சரிதான், தாங்கியிருக்க மாட்டேன்.

நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதினேனே, அது நம்பிக்கை இல்லை, பயம். அப்பா நடந்து ஆஸ்பத்திரிக்குள் போனார், திரும்ப நடந்து வரவில்லை. அன்றிலிருந்து அந்த வாசலைக் கண்டாலே எனக்குக் கால் வராது. பயத்துக்கு நம்பிக்கையின் சட்டையைப் போட்டுவிட்டேன். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "படைச்சவர் உன் வீட்டுலயே ஒருத்தியை ஸ்கேன் பண்றவளா வெச்சிருக்கார். இன்னும் எப்படித்தான்யா உனக்குச் சொல்லுவார்?" என்றார். இதைக் கேட்டு நீ சிரிப்பாய் என்று தெரியும்.

பதினொன்றாம் தேதி ரயிலில் வருகிறேன். அண்ணியும் வருகிறாள். தலையணையோடு.

அண்ணன்

மே 24

அன்புள்ள தங்கைக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். உங்கள் டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. படியேறவில்லை, உப்பைக் குறைத்துவிட்டேன். எல்லாவற்றையும் அண்ணி காவல்காரி மாதிரிப் பார்த்துக்கொள்கிறாள். ஜூன் கடைசியில் ஆபரேஷன் என்று உன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

நேரில் இருந்தபோது உன்னிடம் பேச முடியவில்லை. நமக்கு எழுத்தில்தான் வாய் வருகிறது.

அந்த இருட்டறையில் என்னை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாய். நெஞ்சில் எதையோ சில்லென்று தடவினாய். "மூச்சை வெளியே விடுங்க. அப்படியே நிறுத்துங்க" என்றாய். அந்தக் குரலில் நீ பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாய்.

முப்பது வருஷமாக நடுவில் திறக்கும் கதவுகள் மாட்டுகிறேன். எனக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு இதழ், மெல்லிசாக, திறந்து, மூடி, திறந்து, மூடி. கீழே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் நூல்கள். "அதோ, அதுல ஒண்ணு அறுந்து ஆடுது பாருங்க. அதான் கதவு சரியா மூடலை, ரத்தம் பின்னால ஒழுகுது" என்றாய். நான் அறுந்ததைப் பார்க்கவில்லை. அறுந்த பிறகும் பிடித்துக்கொண்டிருக்கிற மற்றவற்றைத்தான் பார்த்தேன். ஒரு நாளைக்கு லட்சம் தடவை என்றாய். ஐம்பத்தாறு வருஷம். என் கம்பெனியில் எந்தக் கயிறும் பத்து வருஷம் தாண்டினதில்லை.

"இதைத் தினமும் பார்க்கிறியா?" என்று கேட்டேன். "தினமும் பதினெட்டு" என்றாய். "பார்த்துட்டும் எப்படி நம்பாம இருக்கே?" என்றேன். "பார்க்கிறதாலதான் அண்ணா, எனக்கு வேற எதுவும் கேட்கத் தோணலை" என்றாய். திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரயிலில் வரும்போதுதான் கேள்வி வந்தது. கயிற்றைப் பார்த்துவிட்டுப் போன ஆள் இருந்தால் ஏறுவேன் என்று எழுதியிருந்தாயே. இந்த நூல்களை யார் பார்த்துவிட்டுப் போனார்?

ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

அண்ணன்

ஜூன் 1

அன்புள்ள அண்ணா,

நலம். மாத்திரைகளை வேளை தவறாமல் போடுங்கள். ஒரு மாத்திரையையும் கடவுள் பொறுப்பில் விடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களில் தாங்காதவை விழுந்தன, தாங்கியவை மிஞ்சின, மிஞ்சியவை பிள்ளை பெற்றன. யாரும் வந்து பார்த்துவிட்டுப் போகத் தேவைப்படவில்லை. விரித்து எழுதினால் எட்டுப் பக்கம் வரும், எட்டும் உண்மை.

ஆனால் அந்த அறையில் நீங்கள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியும். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் ஏன் என் வாய் அடைத்துப்போகிறது என்று சொல்லத் தெரியாது. அந்த இடம் வரும்போது உங்களுக்கு ஒரு பெயர் வருகிறது. எனக்கு எந்தப் பெயரும் வருவதில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

ஆபரேஷன் அன்று கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளலாமா, நான் தப்பாக நினைப்பேனா என்று பெரியவர் கேட்கச் சொன்னதாக அண்ணி போனில் சொன்னாள். தாராளமாக. ஒரே ஒரு திருத்தம். முந்தின நாள் சர்ஜன் நன்றாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

தங்கை

ஜூன் 30

அன்புள்ள அண்ணா,

இங்கு ________ நான் நலம். நீங்களும் நலம்.

நீங்கள் இரண்டு மாடி கீழே, வார்டில் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நேற்று முன்தினம் நடந்ததை நேரில் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்குப் போன பிறகு படியுங்கள். அண்ணியிடம் கொடுத்து வைக்கிறேன்.

ஸ்கேன் மெஷினைப் பார்த்துக்கொள்ள என்னை உள்ளே அனுமதித்தார்கள். நூலை மாற்றித் தைக்க வேண்டுமானால் இதயத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். ரத்தத்தை ஒரு மெஷின் ஓட்டியது. ஒரு மணி நாற்பது நிமிஷம் என் திரையில் உங்கள் இதயம் அசையாமல் இருந்தது. வேலை நடக்கிறது, எல்லாம் முறைப்படிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைத்து முடித்தார். உள்ளே தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு, அடைத்து வைத்திருந்த ரத்தத்தை இதயத்துக்குத் திறந்துவிட்டார்கள். சர்ஜன் கையை எடுத்துவிட்டு நின்றார். எல்லோரும் நின்றார்கள். யாரும் எந்த ஸ்விட்சையும் போடவில்லை. போட அங்கே ஸ்விட்ச் இல்லை அண்ணா.

நான் வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அது பொய். ஆனால் மாஸ்க்குக்குள் என் வாய் 'வா' என்று சொன்னது. ஒரு தடவை இல்லை, பல தடவை. 'வா, வா' என்று. யாரை அழைத்தேன் என்று கேட்காதீர்கள். உங்களைத்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அழைத்துக்கொண்டார் என்ற சொல்லுக்கு அவ்வளவு கோபப்பட்டவள், நானும் நின்று அழைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு நடுக்கம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு துடிப்பு, அது நின்று, இன்னொன்று. பிறகு தானாகவே பிடித்துக்கொண்டது. ரத்தம் வந்தது, அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எனக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தும் ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒழுகுதா?" என்று சர்ஜன் என்னைப் பார்த்துக் கேட்டார். திரையைப் பார்த்தேன். கதவு முழுசாக மூடிக்கொண்டது. "இல்லை" என்றேன். இத்தனை வருஷமாக உங்களிடம் இல்லை, இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை ஒரு தடவையும் சொன்னதில்லை.

கடிதத்தின் தொடக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அங்கே போட என்னிடம் சொல் இல்லை. உங்களிடம் இருக்கிறது. பேனா பிடிக்க முடிந்ததும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

உங்கள் தங்கை

ஆகஸ்ட் 9

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு ________ நலம்.

பழைய வழக்கத்தில் விட்டதாக நினைக்காதே. சொல்கிறேன், கேள்.

உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். ஐம்பது வருஷமாக யோசிக்காமல் எழுதிய கை இது. கடை ரசீதின் பின்னால்கூட எழுதியிருக்கிறேன். அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இதயம் நின்றிருந்த அந்த ஒரு மணி நாற்பது நிமிஷம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டும் இல்லை, கனவும் இல்லை. அங்கிருந்து திரும்ப வந்தவன், அதற்கு 'கடவுள் அருளால்' என்று இரண்டு சொல் போட்டால், தெரிந்த விஷயத்தைப் போல ஆகிவிடும் என்று தோன்றியது. என் நம்பிக்கை போய்விட்டது என்று உடனே கொண்டாடாதே. அது முன்னைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. சொல்தான் அதற்குச் சின்னதாகிவிட்டது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். உன் கடிதத்தை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "அப்படியே விட்டுவை. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனவே உன் கடிதத்தில் அந்த இடம் நீ விட்டபடியே இருக்கிறது. இனி நாம் இருவரும் அந்த இடத்தை விட்டே எழுதுவோம். நீ எழுதாததும் நான் எழுதாததும் ஒன்றல்ல. ஆனால் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

நேற்று முதல் மாடிவரை படியேறினேன். அண்ணி பின்னாலேயே வந்தாள். வேலைக்கு அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறார்கள்.

ஒரு தலையணையில் தூங்குகிறேன்.

அண்ணன்

(ஓரத்தில், பென்சிலில்)
மத்த ரெண்டையும் வெயில்ல போட்டு உறை மாத்தி எடுத்து வெச்சிருக்கேன். நீ எப்ப வர்றே? – அண்ணி